அப்பர் தாம்சன் சாலையின் குதிரைகள்



‘போக்குவரத்து அன்றும் இன்றும்’ என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது தொடக்கநிலை 5 மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அந்தக் காலத்துப் பந்தயக் கார் வேகமா, எங்கள் அப்பாவின் மின்சாரக் கார் வேகமா?” என்று கேட்டான். மறுநாள் சொல்வதாகக் கூறி அமரச் செய்தேன். அன்றிரவு என் தந்தையாரிடம் கேட்டேன். அவர் இளைஞராக இருந்தபோது, 1973ஆம் ஆண்டு, அப்பர் தாம்சன் சாலையோரத்தில் நின்று கார்ப் பந்தயம் பார்த்தவர்.

கார்ப் பந்தயம் 2008இல் மரினா பேயில்தான் இங்கே முதன்முதலில் நடந்தது என்று நம் பிள்ளைகள் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையையும் பழைய அப்பர் தாம்சன் சாலையையும் மூடி, ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர் சுற்றில் ஆண்டுதோறும் பந்தயம் நடத்தினார்கள். 1962இல் அதற்கு மலேசிய கிராண்ட் பிரீ என்று பெயர். நாம் தனி நாடான பின், 1966 முதல், சிங்கப்பூர் கிராண்ட் பிரீ.

1962இல் வென்றவர் யோங் நாம் கீ. அவர் ஓட்டியது ஜாகுவார் இ-டைப். அதற்கு முந்திய ஆண்டுதான் ஜெனீவாவில் அறிமுகமான அந்தக் காரைப் பணமுள்ளவர் எவரும் கடையில் வாங்கிச் சாலையில் ஓட்டலாம். 3.8 லிட்டர் இயந்திரம், 265 குதிரைத்திறன். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்குச் சுமார் 7 வினாடி தேவைப்பட்டது.

குதிரைத்திறன் என்றதும் எனக்கு லிட்டில் இந்தியா நினைவுக்கு வருகிறது. மீன்தலைக் கறி சாப்பிடப் போகிறோமே, அந்த ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் தந்தது ஃபேரர் பார்க்கில் இருந்த குதிரைப் பந்தயத் திடல். 1933இல் அது புக்கிட் தீமாவுக்கும், பின்னர் கிராஞ்சிக்கும் இடம் மாறியது. 2024 அக்டோபரில் குதிரைப் பந்தயமே நின்றுபோயிற்று. ஆயினும் காரின் ஆற்றலை இன்றும் குதிரைகளைக் கொண்டுதான் எண்ணுகிறோம். ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட்.

அந்த எண்ணிக்கையைப் பழைய விளம்பரங்களில் அப்படியே நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவில் ‘மஸல் கார்’ என்று பெயர் பெற்ற பெரிய இயந்திரக் கார்களை எடுத்துக்கொள்வோம். 1964ஆம் ஆண்டுப் போண்டியாக் ஜிடிஓவின் 6.4 லிட்டர் இயந்திரத்துக்கு 325 குதிரைத்திறன் என்றார்கள். இயந்திரத்தைத் தனியே கழற்றி, அதன் ஆற்றலை உறிஞ்சும் துணைக்கருவிகள் பல இல்லாமல் அளந்த கணக்கு அது. 1972 மாதிரிக் கார்கள் முதல், காரில் பொருத்தப்பட்ட நிலைக்கு ஒப்ப அளக்கத் தொடங்கியதும் எண்கள் சரிந்தன. அந்த ஜிடிஓவில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். ஓடுவதற்கு அத்தனை குதிரைகள், நிறுத்துவதற்கோ ஒரு வண்டிக்காரன்!

இனி மாணவனின் தந்தையாரது கார். பிஒய்டி அட்டோ 3 என்ற குடும்பக் காரின் 150 கிலோவாட் மாதிரி, ஏறத்தாழ 200 குதிரைத்திறன் கொண்டது. ஜாகுவாரைவிட எடையும் மிகுதி. எனினும் மணிக்கு 100 கிலோமீட்டரை 7.3 வினாடியில் எட்டுகிறது. மின்மோட்டார் சுழலத் தொடங்கும்போதே தன் முழுத் திருப்புவிசையையும் தந்துவிடும்; கியர் மாற்றும் தாமதம் இல்லை; இன்றைய டயர்களும் சாலையை நன்றாகப் பற்றுகின்றன. ஆகவே 1962இல் கிண்ணம் வென்ற காரோடு ஏறத்தாழச் சமமாகப் புறப்படும் ஒரு வண்டி, இன்று பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுச் செல்கிறது. (உச்ச வேகத்தில் ஜாகுவார்தான் முந்தும். ஆனால் நம் விரைவுச்சாலைகளில் 90 கிலோமீட்டருக்கு மேல் போனால் அபராதம். மின்சாரக் காரின் ஆற்றல் 110 கிலோவாட்டைத் தாண்டினால் வாகன உரிமைச் சான்றிதழுக்கும் ‘பி’ பிரிவில்தான் ஏலம் கேட்க வேண்டும்.)

இதைக் கேட்டு என் தந்தையார் சிரித்தார். “வேகத்தை விடு தம்பி. நாங்க நின்ன இடத்துக்கும் காருக்கும் நடுவுல என்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு கால்வா. அவ்வளவுதான்” என்றார்.

மரங்களும் விளக்குக்கம்பங்களும் பேருந்து நிறுத்தங்களும் நிறைந்த சாதாரணச் சாலை அது. ‘பாம்புகள்’ என்று ஒரு வளைவுத் தொடருக்குப் பெயர். ‘பேயின் வளைவு’ என்று இன்னொன்று. 1972, 1973 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அடுத்தடுத்து உயிரிழப்பு நேர்ந்தது. 1973க்குப் பின் பந்தயம் நடைபெறவில்லை.

அந்தக் கடைசிப் பந்தயத்தில் வென்ற ஆஸ்திரேலியர் வெர்ன் ஷுப்பான், ஒரு சுற்றை 1 நிமிடம் 54.9 வினாடியில் முடித்தார். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 152 கிலோமீட்டர். ஏறத்தாழ அதே நீளமுள்ள மரினா பே தடத்தில், 2024 பந்தயத்தின் மிக வேகமான சுற்றுக்கு டேனியல் ரிக்கார்டோ எடுத்துக்கொண்டது 1 நிமிடம் 34.486 வினாடி. அரை நூற்றாண்டில் இருபது வினாடிதான் குறைந்திருக்கிறது. என் கண்ணுக்கு அதைவிடப் பெரிய மாற்றம், அங்கே எஃப்1 ஓட்டுநர் எவரும் இதுவரை உயிரிழக்கவில்லை என்பது. தடுப்புச் சுவர்கள், நொறுங்காத ஓட்டுநர் கூடு, 2018இல் வந்த தலைகாக்கும் வளையம் ஆகியவை தந்த பலன் அது.

மறுநாள் மாணவனிடம் எண்களைச் சொன்னேன். “அப்படியென்றால் அப்பாவின் கார் பந்தயத்துக்குப் போகலாமா?” என்றான். கரும்பலகையில் ஒரு கால்வாய் வரைந்து, அதன் ஓரத்தில் அவன் தாத்தா வயதுள்ள ஒருவரை நிறுத்திக் காட்டினேன். அவன் சற்று நேரம் பேசவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தந்தையாரை அந்தச் சாலைக்கே அழைத்துச் சென்றேன். 2019இல் அங்கே தாம்சன் இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. விலங்குகள் கடப்பதற்காகப் பழைய சாலையின் ஒரு பகுதியை ஒரே தடமாகக் குறுக்கியிருக்கிறார்கள். இரவில் அதை மூடிவிடுகிறார்கள். தந்தையார் தாம் நின்ற இடத்தைத் தேடினார். மரங்கள் வளர்ந்துவிட்டதால் அடையாளம் தெரியவில்லை. கால்வாய் மட்டும் இருந்தது.