இந்தூர் முறையும் எருவின் வரலாறும்

முன்னுரை

வேளாண்மை வரலாற்றில் ஏரும் நீரும் பெற்ற இடத்தை எரு பெற்றதில்லை. இந்நிலையில் திருக்குறளின் உழவு அதிகாரம் சிந்திக்கத்தக்கது. அதன் ஏழாம் குறள், உழுத புழுதி ஒரு பலம் கால் பலமாகும்படி காய்ந்தால் ஒரு பிடி எருவும் வேண்டா என்கிறது. எட்டாம் குறளோ உழுதலினும் எருவிடுதலே நன்று என்கிறது. அடுத்தடுத்து நிற்கும் இவை முரண்பட்டன அல்ல. மண்ணைக் காற்றாடச் செய்தலும் அதற்கு உணவிடுதலும் ஒரு தொழிலின் இரு கூறுகளாகும். இருபதாம் நூற்றாண்டில் இந்தூரில் உருவான மட்கெரு முறையும் காற்று, உணவு என்னும் இவ்விரண்டையுமே அடிப்படையாகக் கொண்டது. அம்முறை யாருடைய அறிவின் விளைவு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சாணமும் அடுப்பும்

1889இல் இந்தியா வந்த வேளாண் வேதியியலறிஞர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில் ஒரு செய்தியை வலியுறுத்தினார். உழவர் சாணத்தை வறட்டியாக்கி எரிப்பது எருவின் அருமை அறியாமையால் அன்று; விறகு கிடைக்காமையால் என்பதே அது. நிலத்திற்குரிய எரு அடுப்பிற்குச் செல்லும்போது மண்ணுக்கு எதை இடுவது என்னும் வினாவை இவ்வறிக்கை எழுப்பியது.

இந்தூர் முறை

1905இல் பூசா ஆய்வு நிலையத்தில் தாவரவியலறிஞராகப் பணியேற்ற ஆல்பர்ட் ஹோவர்ட், 1924இல் இந்தூரில் தாவரத் தொழில் நிறுவனத்தை அமைத்தார். பருத்திமார், கரும்புத் தோகை, களை, சருகு ஆகியவை அங்கு ஆழமற்ற குழிகளில் அடுக்கப்பட்டன. கடினமான பருத்திமார் வண்டிப் பாதையில் பரப்பப்பட்டு, சக்கரங்களால் நசுக்கப்பட்டது. கோமியம் ஊறிய மண்ணும் சாம்பலும் சாணக் கரைசலும் இவற்றுடன் சேர்ந்தன. மூன்று முறை கிளறப்பட்ட கலவை ஏறத்தாழ மூன்று மாதங்களில் மட்கியது. கிளறுதல் நுண்ணுயிர்களுக்குக் காற்றளித்தது. சாம்பல் புளிப்பை நீக்கியது. சாணமும் கோமியமும் தழைச்சத்தை வழங்கின. இங்குச் சாணம் முழு எருவாக அன்றி, உறைமோர் போலவே பயன்பட்டமை குறிப்பிடத்தக்கது. சிறிதளவு சாணம் பெருமளவு கழிவை எருவாக்கியதால், வோல்க்கர் சுட்டிய இடர்ப்பாட்டிற்கு ஒரு வழி பிறந்தது.

யாருடைய அறிவு?

சீனா, கொரியா, ஜப்பான் உழவரைப் பற்றி எப். எச். கிங் எழுதி 1911இல் வெளிவந்த நூலுக்குத் தாம் கடன்பட்டிருப்பதை ஹோவர்ட் மறைக்கவில்லை. இந்திய உழவரையும் பயிர்ப் பூச்சிகளையும் தம் ஆசிரியர்களாகவே அவர் கருதினார். எனினும், 1931இல் இம்முறையை விரித்துரைத்து வெளியான, வேளாண் கழிவுப் பொருள்கள் குறித்த ஆங்கில நூலுக்கு ஆசிரியர் இருவர். ஹோவர்டுடன் பெயர் பொறிக்கப்பட்டவர், அந்நிறுவனத்தின் வேதியியல் பிரிவில் பணியாற்றிய யஷ்வந்த் டி. வாட் ஆவார். 1940இல் ஹோவர்ட் தனித்து எழுதிய நூல் மேலைநாட்டு இயற்கை வேளாண் இயக்கத்திற்கு அடிப்படையாயிற்று. அதன்பின் இம்முறை பெரும்பாலும் ஹோவர்டின் பெயரோடு மட்டுமே பேசப்படலாயிற்று.

முடிவுரை

இந்தூர் முறை தனியொருவரின் கண்டுபிடிப்பு அன்று. கீழைநாட்டு உழவரின் பட்டறிவு, இந்திய உழவரின் நடைமுறை, வாட், ஹோவர்ட் ஆகியோரின் ஆய்வு ஆகியன ஒரே குழியில் மட்கி உருவானது அது. எனவே எருவின் வரலாற்றை எழுதுவோர், நூல் முகப்பில் நிலைத்த பெயரோடு நின்றுவிடாமல், அதன் அருகில் மங்கிய பெயரையும், எந்த முகப்பிலும் இடம்பெறாத உழவரையும் சேர்த்தெழுதுதல் கடனாகும்.