வண்டியில் ஏறிய வானொலி

வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து கேட்பவர்கள் நாம். பேசுகின்றவர் ஓரிடத்தில் இருக்கிறார். கேட்கின்றவர் பல்லாயிரம் இடங்களில் இருக்கிறார்கள். ஆயின், கேட்டதோடு அமையாது தாமும் வானலையில் மறுமொழி கூற விரும்பும் ஒரு கூட்டத்தார் உலகெங்கும் உளர். ஊதியம் கருதாது, கற்றலின் இன்பத்துக்காகவே வானொலித் தொடர்பை மேற்கொள்ளும் இவர்களை ‘ஹாம்’ என்று அழைப்பது உலக வழக்கு. இலங்கையிலுள்ள ஹாம்களின் அழைப்புக்குறி பெரும்பாலும் 4எஸ்7 என்று தொடங்கும்.

இத்துறையில் புதிதாகப் புகும் இளைஞர் பலர் முதலில் விரும்புவது, மோட்டார் வண்டியில் பொருத்தக்கூடிய இரு அலைவரிசைக் கருவியையே. இரண்டு மீற்றர், எழுபது சதமமீற்றர் என்னும் இரு அலைவரிசைகளிலும் அது பேசும், கேட்கும். “எதை வாங்கலாம்?” என்பதே அவர்களுடைய முதற் கேள்வி. விலைப்பட்டியல் இதற்குப் பாதி விடையே தரும். மறுபாதி நூறாண்டு வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

1912 ஆம் ஆண்டு ஏப்ரலில் டைற்றானிக் கப்பல் மூழ்கியது. அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா வானொலிச் சட்டம் ஒன்றை இயற்றியது. நீண்ட அலைகளே தொலைதூரம் செல்லும் என்று அறிஞர் நம்பிய காலம் அது. ஆகவே நீண்ட அலைகள் கப்பலுக்கும் கடற்படைக்கும் வணிகத்துக்கும் ஒதுக்கப்பட்டன. தனியார் நிலையங்கள் 200 மீற்றருக்கு மேற்பட்ட அலையைத் தொடலாகாது என்று விதிக்கப்பட்டது. பயனற்றவை என்று எண்ணப்பட்ட குற்றலைகளே ஹாம்களின் பங்காயின. பங்கு பிரித்த மூத்தவர் நன்செய்யைத் தாம் எடுத்துக்கொண்டு, இளையவனுக்குப் பாறைக் காட்டை விட்டது போன்ற செயல் இது.

பாறைக் காட்டைப் பெற்றவர் சோர்ந்துவிடவில்லை. கனெற்றிக்கற் மாநிலத்து ஹாட்போட் நகரில் ஹைராம் பேர்சி மக்சிம் என்னும் பொறியியலாளர் இருந்தார். 1914 இல் ஒருநாள், முப்பது மைலுக்கும் குறைந்த தூரத்திலிருந்த ஸ்பிறிங்பீல்ட் நகருக்கு அவர் அனுப்ப முயன்ற செய்தி போய்ச் சேரவில்லை. இடைவழியிலிருந்த மற்றொரு ஹாம் அதை வாங்கி அப்பால் அனுப்பிவைத்தார். ஒருவரால் எட்ட முடியாத இடத்தைப் பலர் கைகோத்தால் எட்டலாம் என்று மக்சிம் கண்டார். அவ்வாண்டே ‘அமெரிக்க வானொலி அஞ்சல் சங்கம்’ தோன்றியது. ‘அஞ்சல்’ என்னும் அச்சொல்லை, நேயர்களே, மனத்திற் கொள்ளுங்கள். வண்டிக் கருவியின் கதையில் அது மீண்டும் வரும்.

1921 டிசெம்பரில் அச்சங்கம் ஒரு பெரும் சோதனையை நடத்தியது. போல் கொட்லி என்பவர் ஸ்கொற்லாந்தின் ஆட்றோசன் கடற்கரையில், குளிரிலும் மழையிலும் கூடாரம் அடித்துக் காத்திருந்தார். அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து, ஏறத்தாழ 230 மீற்றர் அலையில் வந்த 1பிசிஜி என்னும் ஹாம் நிலையத்தின் குறி அவர் செவியில் விழுந்தது. அவர் கேட்டது சுப்பர்ஹெற்றடைன் முறையில் அமைந்த வாங்கியில். அம்முறையைக் கண்டவர் எட்வின் ஆம்ஸ்றோங். குறி அனுப்பிய நிலையத்தை அமைத்து இயக்கியவர்களிலும் அதே ஆம்ஸ்றோங் ஒருவர். சமுத்திரத்தின் இரு கரையிலும் அவர் கைவண்ணம் இருந்தது.

அப்பால் முன்னேற்றம் விரைந்தது. 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்து லேயோன் டெலோயும் அமெரிக்கரான பிறெட் ஷ்னெல்லும் 100 மீற்றரை அண்டிய அலையில் ஒருவரோடொருவர் உரையாடினர். 1924 ஒக்ரோபர் 18 அன்று நியூசிலாந்துப் பண்ணை ஒன்றிலிருந்த பிறாங்க் பெல்லுக்கு இலண்டன் மில் ஹில் பள்ளி மாணவர் செசில் கொய்டர் மறுமொழி கூறினார். உலகின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு மாணவனின் குறி சென்றது. அந்த மாணவரே 1936 இல் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியியலாளராக டெல்லிக்கு வந்தார் என்பது நம்மவர்க்குச் சுவையான செய்தி. போர்க்காலத்தில் நேச நாட்டுப் படையினருக்கென இத்தீவில் எழுந்த சிற்றலை நிலையம் 1949 இல் இலங்கை வானொலியின் கைக்கு வந்ததும், கொழும்பின் குரல் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்து வீடுகளில் ஒலித்ததும் பின்னைய வரலாறு. அக்குரலைச் சுமந்த சிற்றலையின் ஆற்றலை உலகுக்கு மெய்ப்பித்தவர்களில் முன்னோடிகள், பாறைக் காட்டைப் பெற்ற ஹாம்களே.

இனி வண்டிக்கு வருவோம். ஆம்ஸ்றோங் 1933 இல், இன்று நாம் பண்பலை என்று வழங்கும் முறைக்கு உரிமம் பெற்றார். மின்னலாலும் இயந்திரங்களாலும் எழும் இரைச்சலை அது பெரிதும் அடக்கிற்று. ஓடும் வண்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1940 இல் கனெற்றிக்கற் மாநிலப் பொலிசார் தங்கள் வண்டிகளில் பண்பலை இருவழித் தொடர்பை அமைத்தனர். போருக்குப் பின் பொலிசாரும் வாடகை வண்டிக்காரரும் கழித்துப் போட்ட பழைய கருவிகளை ஹாம்கள் வாங்கித் திருத்தி, இரண்டு மீற்றர் அலைவரிசையில் பேசலாயினர்.

ஆயினும் ஒரு தடை இருந்தது. இவ்வளவு குறுகிய அலை, பெரும்பாலும் கண்ணுக்கு எட்டிய தொலைவை ஒட்டியே செல்லும். மலை குறுக்கிட்டால் நின்றுவிடும். இதற்கு மருந்தாக வந்தது மக்சிம் கண்ட அதே அஞ்சல் முறை. இம்முறை மலையுச்சியில் மனிதருக்குப் பதிலாக ஒரு கருவி நின்றது. ஓர் அதிர்வெண்ணில் கேட்பதை, அந்தக் கணமே மற்றோர் அதிர்வெண்ணில் உரத்து ஒலிபரப்பும் இந்நிலையத்தை ‘ரிப்பீற்றர்’ என்பர். 1970களில் இவை நாடுகள் தோறும் பெருகின. இரு அலைவரிசைகளையும் ஒரே பெட்டியில் அடக்கிய வண்டிக் கருவிகள் 1980களில் யப்பானிலிருந்து வந்து பரவின.

ஏன் இரண்டு? இரண்டு மீற்றர் அலை மரங்களும் மேடுகளும் உள்ள நாட்டுப்புறத்தில் நன்கு செல்லும். எழுபது சதமமீற்றர் அலை நகரத்துக் கட்டடங்களின் யன்னல்களூடே எளிதில் நுழையும். மேலும் 144 ஐ மூன்றால் பெருக்கினால் 432. ஆதலால் அரை மீற்றர் உயரமுள்ள ஓர் ஏரியல், இரண்டு மீற்றருக்குக் கால் அலையாகவும் மற்றையதற்கு முக்கால் அலையாகவும் நின்று இரண்டுக்கும் உதவும். இந்த எளிய கணக்கும் அவ்விரு அலைவரிசைகளையும் ஒரே வண்டியில் இணைத்து வைத்தது.

வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது, தம் பகுதியில் எந்த அலைவரிசையில் ரிப்பீற்றர்கள் இயங்குகின்றன, பக்கத்து ஹாம்கள் எதிலே பேசுகின்றனர் என்பதை. 50 வாற்று வலு என்னும் விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். நகரத்தின் வலிய அலைகளுக்கிடையே மெலிந்த குரலைப் பிரித்துக் கேட்கும் வாங்கியே நல்ல வாங்கி. இரு அலைவரிசைகளையும் ஒரே வேளையில் கேட்க வல்லதா, ஒன்றை விட்டு ஒன்றையே கேட்பதா என்று வினவுக. கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமலே கை தேடிக் கொள்ளத்தக்க குமிழ்கள் உள்ளனவா என்று பார்க்க. மிச்சம் பிடித்த பணத்தை ஏரியலுக்குச் செலவிடுக. கூரையின் நடுவே நிற்கும் நல்ல ஏரியல், கருவியின் வலுவை இரட்டிப்பதைக் காட்டிலும் மிகுந்த பயன் தரும்.

பொருத்தும்போது மின்கம்பிகளைப் பற்றரியிலிருந்தே நேராகக் கொண்டுவந்து, பற்றரிக்கு அருகில் உருகிகளை இடுதல் வேண்டும். இத்தகைய கருவி பேசும்போது பத்து அம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். சுருட்டுப் பற்றவைக்கும் குழியின் மெல்லிய கம்பி அதைத் தாங்காது. ஏரியல் பொருந்தியிருக்கிறதா என்று அளந்து பாராமல் பேசும் விசையை அழுத்தலாகாது.

அதன் பின் கற்க வேண்டியவை சில. ரிப்பீற்றரின் ஒலியைக் கேட்கும் அதிர்வெண் வேறு, அதற்கு நாம் அனுப்பும் அதிர்வெண் வேறு. இரண்டு மீற்றரில் இவ்விடைவெளி பெரும்பாலும் 600 கிலோஹேட்ஸ். பல ரிப்பீற்றர்கள், குரலோடு சேர்ந்து செல்லும் ஒரு தாழ்ந்த சுருதியைக் கேட்டால்தான் கதவு திறக்கும். இவற்றை ஒருநாளிற் பதித்துவிடலாம். ஆனால் பேசுமுன் கேட்பதும், இடையே ஒரு கணம் விட்டு அவசரக்காரருக்கு வழிவிடுவதும், அழைப்புக்குறியைத் தெளிவாகச் சொல்வதும் பழக்கத்தாலேயே வரும். பரீட்சையில் தேறி உரிமம் பெற்ற பின்னரே பேச வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கேட்பதற்கே அனுமதி வேண்டும் நாடுகளும் உண்டு. ஆகவே தத்தம் நாட்டு விதியை முதலில் அறிந்துகொள்வது நலம்.

இப்பழக்கம் எதற்கு? 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, தொலைபேசிகள் பல இடங்களில் ஊமையாயின. கொழும்பிலிருந்து ஹாம்கள் சிற்றலைக் கருவியும் வண்டிப் பற்றரிகளும் கொண்டு அம்பாந்தோட்டைக்குச் சென்று தலைநகருடன் தொடர்பு ஏற்படுத்தினர். அந்தமானின் போட் பிளேயரில் பொழுதுபோக்கு ஒலிபரப்புக்கென வந்திருந்த பாரதி பிரசாத் தலைமையிலான இந்தியக் குழுவினர், அதை உடனே நிறுத்திவிட்டுத் துயரச் செய்திகளையும் நலச் செய்திகளையும் தாங்கிச் செல்லலாயினர். அத்தகைய நாளில் தொலைவுக்குச் சிற்றலை. ஊருக்குள் வண்டிக்கு வண்டி பேச இரு அலைவரிசை. மின்சாரம் அறுந்து மலையுச்சி ரிப்பீற்றர் ஓய்ந்துபோனால், அது இன்றி நேராகப் பேசவும் அறிந்திருக்க வேண்டும். அன்றுதான் கையேட்டைப் புரட்டுபவரால் எவர்க்கும் பயனில்லை.

மற்றுமொரு காரணமும் உண்டு. பயனற்றவை என்று 1912 இல் ஒதுக்கப்பட்ட குற்றலைகளுக்கு இன்று விலை மிகுந்துவிட்டது. 2019 இல் பிரான்சு, 144 முதல் 146 மெகாஹேட்ஸ் வரையுள்ள இடத்தை விமானத் துறைக்கும் பயன்படுத்தலாமா என்று ஆராயும்படி ஐரோப்பிய அவையில் முன்மொழிந்தது. உலகெங்குமுள்ள ஹாம்கள் எதிர்த்தனர். முன்மொழிவு அவ்வாண்டே கைவிடப்பட்டது. ஒருகாலத்தில் டெலோய் என்னும் ஹாமைத் தந்த நாடும் அதுவே என்பதை எண்ணிப் பாருங்கள். உழாத நிலத்தின் மீது பிறர் கண் படுவது இயல்பு. உழுகின்றவர் இருக்கும்வரை அது உழுகின்றவர்க்கே உரியது.

ஆகவே, “எதை வாங்கலாம்?” என்று கேட்கும் இளைஞருக்கு நாம் கூறும் விடை இது. உங்கள் பணத்துக்கு இயைந்த நல்ல கருவியை வாங்குங்கள். அதை வண்டியிற் செம்மையாகப் பொருத்துங்கள். பின்னர், ஆட்றோசன் கடற்கரைக் கூடாரத்தில் கொட்லி செய்ததையே செய்யுங்கள். பொறுமையாகக் கேளுங்கள். உங்களை அழைக்கும் குரல் ஒருநாள் வரும். அன்று மறுமொழி கூற ஆயத்தமாயிருங்கள்.