புகை போக வழி விட்டாச்சா? – இங்கிலாந்து வீட்டுச் சுவர் ஒன்றின் கதை

லண்டனில் இருக்கும் சொந்தக்காரரோடு மார்கழி மாதத்தில் கதைத்தால் முதல் பேச்சு குளிர், அடுத்த பேச்சு காஸ் பில். "சுவருக்குள்ள பஞ்சு அடிச்சனாங்கள், இப்ப பரவாயில்லை" என்று யாராவது ஒருவர் சொல்வார். சுவருக்குள் எப்படிப் பஞ்சு அடிக்கிறது? எங்கட வீட்டுச் சுவர் உள்ளுக்கும் கல்லுத்தானே. அந்தச் சந்தேகத்தில்தான் தேடத் தொடங்கினோம். தேடப்போன இடத்தில் கிடைத்தது நெருப்பும் புகையும் கலந்த 350 வருசக் கதை.

1666 புரட்டாதியில் லண்டன் எரிந்தது. புடிங் லேன் என்ற ஒழுங்கையில் இருந்த ஒரு பாண் பேக்கரியில் தொடங்கிய நெருப்பு நாலு நாளில் 13,200 வீடுகள் வரை அழித்தது. நெருக்கமாக நின்ற மர வீடுகள் அதுக்கு வசதியாகப் போயின. அடுத்த வருசமே, 1667இல், புதுச் சட்டம் வந்தது. வெளிச்சுவர் செங்கல்லாலோ கருங்கல்லாலோ இருக்க வேண்டும், புகைக்கூட்டுக்குக் கிட்ட மரச் சட்டம் வைக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். சூடான புகை போகும் வழிக்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையில் தூரம் வேண்டும் என்ற விதி இன்றைக்கும் அங்கே இருக்கிறது. செங்கல் புகைக்கூட்டின் வெளிப்பக்கத்திலிருந்து 40 மில்லிமீற்றர், அல்லது புகை போகும் குழாயின் உள்பக்கத்திலிருந்து 200 மில்லிமீற்றர் தள்ளியே எரியக்கூடிய பொருள் இருக்கலாம்.

ஆனால் சட்டம் இருந்தால் போதுமா? அந்தக் காலத்தில் அடுப்புக்கும் வரி இருந்தது. 1662இல் தொடங்கிய அந்த வரிப்படி, ஒரு அடுப்புக்கு வருசம் 2 சிலின். வரிக்காரர் வீட்டுக்குள் வந்து அடுப்புகளை எண்ணுவார்கள். சனத்துக்கு அது பெரிய கோபம். 1684இல் ஒக்ஸ்போர்ட்சயரில் சேர்ச்சில் என்ற கிராமத்தில் ஒரு பாண் போடும் பெண் வரியைத் தப்ப ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் போறணையிலிருந்து சுவரை உடைத்து, பக்கத்து வீட்டுப் புகைக்கூட்டுக்குள் புகையை விட்டாள். அந்த உடைத்த இடத்தால் நெருப்புப் பிடித்தது. 20 வீடுகள் எரிந்தன, 4 பேர் செத்தார்கள். ஐந்து வருசம் கழித்து, 1689இல், அந்த வரியையே எடுத்துவிட்டார்கள்.

இனி அந்தப் பஞ்சு அடிக்கும் சுவருக்கு வருவோம். இங்கிலாந்தில் மழை சாய்வாக அடிக்கும். ஒற்றைச் சுவர் என்றால் ஈரம் ஊறி உள்ளுக்கு வந்துவிடும். அதனால் 19ஆம் நூற்றாண்டில் இரண்டு சுவர்களைப் பக்கம் பக்கமாகக் கட்டி, நடுவில் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் வெறும் இடைவெளி விடும் முறை வந்தது. 1920களுக்குப் பிறகு அது சாதாரணமாகிவிட்டது. வெளிச்சுவர் நனைந்தாலும் ஈரம் இடைவெளியைத் தாண்டாது. எங்கட ஆக்கள் குடியிருக்கும் ஹரோ, வெம்பிளிப் பக்கத்து வீடுகளில் கனக்க இந்தக் காலத்தில் கட்டியவைதான். அறைகளில் குளிர்காயும் அடுப்பு, அதுக்கு மேலே கூரை தாண்டிப் போகும் புகைக்கூடு, அடுப்பு எரியக் காற்று வர சுவரில் சின்னத் துவாரம் என்று எல்லாம் வைத்துக் கட்டினார்கள்.

1952 மார்கழியில் நிலக்கரிப் புகையும் பனிமூட்டமும் சேர்ந்து லண்டனை ஐந்து நாள் மூடியது. ஆயிரக்கணக்கில் சனம் செத்தது. 1956இல் சுத்தமான காற்றுக்கான சட்டம் வந்து, நிலக்கரி அடுப்புகள் குறையத் தொடங்கின. பிறகு வடகடல் எரிவாயு வந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும், வீட்டுச் சூட்டை வெளியில் விடுவது காசை வெளியில் விடுவது என்று எல்லாருக்கும் விளங்கியது. அப்போதுதான் சுவருக்கு நடுவில் இருந்த அந்த இடைவெளி கண்ணில் பட்டது. சாந்தில் சின்னச் சின்னத் துளை போட்டு நுரையையோ, கல்லை உருக்கி இழுத்த பஞ்சையோ, ரெஜிபோம் மணிகளையோ உள்ளுக்கு ஊதி நிரப்பினார்கள். வீடு சூடாகியது, பில் குறைந்தது.

பிரச்சினை என்னவென்றால், ஊதுகிற பஞ்சுக்கு எது வெறும் இடைவெளி, எது மூச்சுவழி என்று தெரியாது. காற்றுத் துவாரம் அந்த இடைவெளியைக் கடந்துதான் உள்ளுக்கு வருகிறது. அதுக்கு ஒரு குழாய் போட்டுப் பாதுகாக்காமல் ஊதினால் துவாரம் அடைபடும். பழைய புகைக்கூட்டில் சாந்து உதிர்ந்து வெடிப்பு இருந்தால் மணிகள் அதுக்குள்ளும் விழும். பிறகு புகை மேலே போகாது, அறைக்குள் திரும்பும். அதில் காபனோரொட்சைட்டும் இருக்கும். அதுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையில் இருப்பவர் எழும்புவதே இல்லை.

அதனால் வேலை தெரிந்தவர்கள் முதலில் அடுப்புகளையும் புகைக்கூடுகளையும் பார்ப்பார்கள். வெடிப்பு இருந்தால் திருத்தும்வரை ஊத மாட்டார்கள். காற்றுத் துவாரங்களுக்குக் குழாய் போடுவார்கள். சூடான குழாய்க்குக் கிட்ட எரியும் பொருள் போகாமல் மறிப்பார்கள். வேலை முடிந்ததும் புகை ஒழுங்காக மேலே போகுதா என்று திரும்பவும் சோதித்துப் பார்ப்பார்கள். பஞ்சு ஊதுவதை விட இதுக்கு நேரம் பிடிக்கும். அதனால் அவசரக்காரர் முதலில் விட்டுவிடுவதும் இதைத்தான்.

இந்தக் கதையை 2017 ஆனி 14இல் நிறுத்துகிறோம். லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்ற 24 மாடிக் குடியிருப்பு. அதற்கு முந்தைய வருசம்தான் வெளிச்சுவருக்கு மேலே சூடுகாக்கும் பலகையும், அதுக்கு வெளியே தகடும் பொருத்தி முடித்திருந்தார்கள். துத்தநாகத் தகடு என்று முதலில் இருந்த திட்டத்தை மாற்றி, நடுவில் பொலித்தீன் வைத்த மலிவான அலுமினியத் தகட்டைப் போட்டார்கள். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி. நெருப்பை மறிக்க அதுக்குள் வைக்க வேண்டிய தடுப்புகள் சில இடத்தில் இல்லை, சில இடத்தில் பிழையாக வைத்திருந்தார்கள். ஒரு சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியில் பிடித்த நெருப்பு வெளியே வந்ததும், அந்த இடைவெளியே ஒரு புகைக்கூடாகியது. அரை மணித்தியாலத்துக்குள் நெருப்பு உச்சிக்குப் போய்விட்டது. 72 பேர் இறந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் முதலே நெருப்புப் பாதுகாப்புப் பற்றி முறையிட்டிருந்தார்கள். கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை.

சேர்ச்சில் கிராமத்துப் பெண் 2 சிலின் மிச்சம் பிடிக்கப் பார்த்தாள். கிரென்ஃபெலில் மிச்சம் பிடித்தவர்கள் அந்தக் கோபுரத்தில் குடியிருக்கவில்லை. 333 வருசத்தில் மாறியது அதுதான் என்று எங்களுக்குப் படுகிறது. முன்பு தன் சுவரைத் தானே உடைத்தாள். இப்போது சுவரை மாற்றுபவர் ஒருவர், அதுக்குள் நித்திரை கொள்பவர் இன்னொருவர்.

அடுத்தமுறை லண்டனிலிருந்து "சுவருக்குள்ள பஞ்சு அடிக்கப்போறம்" என்று யாரும் சொன்னால், "நல்லது, புகை போற வழியைப் பார்த்தவையா?" என்று கேட்டுவிட்டு வையுங்கோ.