பைத்தான் 2-இலிருந்து பைத்தான் 3-க்கு

பைத்தான் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பில் எழுதிய திறமூல மென்பொருள்களை 3-ஆம் பதிப்புக்குக் கொண்டுவந்த பணி 2008 டிசம்பரில் தொடங்கியது. பெரும்பகுதி 2020-க்குள் முடிந்தாலும் சில மென்பொருள்களில் அதற்குப் பிறகும் நீண்டது. பழைய நிரல் புதிய பதிப்பில் அப்படியே ஓடாது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் 3-ஆம் பதிப்பை வெளியிட்டார்கள். புழக்கத்தில் உள்ள ஒரு மொழி இப்படிச் செய்வது அரிது.

காரணம் எழுத்துகளைக் கையாளும் முறையில் இருந்தது. கீடோ வான் ராசம் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியாற்றியபோது உருவாக்கிய பைத்தான், 1991 பிப்ரவரியில் வெளிவந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது அதே ஆண்டு அக்டோபரில். ஆகவே பைத்தானில் உரையைக் குறிக்கும் சரம் என்பது பைட்டுகளின் வரிசையாக மட்டுமே இருந்தது. 2000-இல் வந்த 2.0 பதிப்பில் யூனிகோடு சரம் தனி வகையாகச் சேர்ந்தது. பழைய வகையும் கூடவே இருந்தது. இரண்டையும் கலந்து எழுதினால் ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. வேறு மொழி எழுத்து ஒன்று நுழைந்ததும் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்த நிரலாளர் அதைக் காணவே மாட்டார். தன் பெயரைத் தன் மொழியில் தட்டச்சு செய்த பயனர்தான் காண்பார்.

‘தமிழ்’ என்ற சொல்லையே பார்க்கலாம். யூடிஎஃப்-8 முறையில் சேமித்த இந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 2-இன் சாதாரணச் சரம் 15 என்று சொல்லும். அது பைட்டுகளின் எண்ணிக்கை. முதல் எழுத்தைக் கேட்டால் ‘த’ கிடைக்காது. அதில் மூன்றில் ஒரு பங்கான ஒரு பைட்டுதான் கிடைக்கும். பைத்தான் 3 சொல்லும் விடை 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம் கணக்குப்படி எழுத்து மூன்றுதான் என்பதால் அதற்கு ஓப்பன்-தமிழ் போன்ற நிரல் தொகுப்பு இன்னும் தேவைப்படுகிறது. ஆனாலும் துண்டான பைட்டுகளிலிருந்து முழுக் குறிகளுக்கு வந்தது பெரிய முன்னேற்றம். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கவும் முடிகிறது. எழுத்துகளைச் சரியாகக் கையாளும் இந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றம் அவசியமாக இருந்தது.

மற்ற மாற்றங்கள் எளியவை. பிரிண்ட் ஒரு செயற்கூறாக மாறியதால் அதற்கு அடைப்புக்குறி வேண்டியதாயிற்று. எச்சரிக்கை தேவைப்பட்டது வகுத்தலில்தான்: 3-ஐ 2-ஆல் வகுத்தால் முன்பு 1 வந்தது, இப்போது 1.5 வரும். பிழைச் செய்தி எதுவும் வராமல் விடை மட்டும் மாறும் என்பதால், சோதனை நிரல்கள் இல்லாத திட்டங்களில் இதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது.

மாற்றும் வழி பற்றிய முதல் திட்டம் தவறானது. மூல நிரலைப் பழைய வடிவிலேயே வைத்துக்கொண்டு, டூ-டு-த்ரீ என்ற கருவியால் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் புதிய வடிவத்தை உருவாக்கலாம் என்று எண்ணினார்கள். கருவியால் பிரிண்டுக்கு அடைப்புக்குறி போட முடிந்தது. ஒரு சரம் மனிதர் படிக்கும் உரையா, கோப்பிலிருந்து வந்த பைட்டா என்பதை அதனால் சொல்ல முடியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், யார் முதலில் நகர்வது என்பது. தான் நம்பியிருக்கும் தொகுப்புகள் மாறாமல் ஒரு செயலி மாற முடியாது. பயனர்கள் இன்னும் 2-இல் இருக்கும்போது தொகுப்பை எழுதியவர்களுக்கும் அவசரம் இல்லை. எண் கணக்கீட்டுத் தொகுப்பான நம்பை 2010-இலேயே 3-ஐ ஆதரித்தது. வலைத்தளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோவில் சோதனை நிலை ஆதரவே 2013-இல்தான் வந்தது.

முட்டுக்கட்டையை உடைத்தது வேறு ஒரு வழக்கம். ஒரே நிரலை இரண்டு பதிப்புகளிலும் ஓடும்படி எழுதத் தொடங்கினார்கள். 2010-இல் வந்த சிக்ஸ் என்ற சிறு தொகுப்பு இதற்குக் கைகொடுத்தது. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் வருவதே அதன் பெயர். மொழியை உருவாக்குபவர்களும் இறங்கி வந்தார்கள். யூனிகோடு சரத்துக்கு முன் இடும் ‘யூ’ எழுத்தை 3.0-இல் நீக்கியவர்கள், 2012-இல் 3.3 பதிப்பில் திரும்ப அனுமதித்தார்கள். 2-ஆம் பதிப்பின் கடைசி வடிவமான 2.7-க்கான ஆதரவு 2015-இல் முடிவதாக இருந்ததை 2014-இல் ஐந்து ஆண்டுகள் நீட்டித்தார்கள். 2.8 என்று ஒரு பதிப்பு வராது என்பதில் மட்டும் உறுதியாக நின்றார்கள்.

மெர்குரியல் பட்ட பாடு தனி வகை. நிரல்களின் மாற்ற வரலாற்றைக் காக்கும் அந்த மென்பொருளுக்குக் கோப்பின் பெயரும் உள்ளடக்கமும் பைட்டுகளே. அவற்றை உரையாகக் கருதினால் தரவு சிதையும். உரைக்கு முதலிடம் தந்த பைத்தான் 3 அதன் இயல்புக்கே எதிராக இருந்தது. பைட்டுகளில் மதிப்புகளைப் பொருத்தும் விழுக்காட்டுக் குறி வசதிகூட 3.0-இல் நீக்கப்பட்டு, 2015-இல் 3.5 பதிப்பில்தான் திரும்பியது. ஆயிரக்கணக்கான சரங்களைப் பைட்டு என்று குறிக்க வேண்டியிருந்ததால், நிரல் கோப்பு ஏற்றப்படும் நேரத்திலேயே அந்தக் குறியைச் சேர்க்கும் இடைக்கால ஏற்பாடு ஒன்றைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். 3-க்கான சோதனை நிலை ஆதரவு 2019 நவம்பரில் வந்த 5.2 பதிப்பில்தான் கிடைத்தது. இந்த உழைப்பால் பயனருக்குப் புதிய வசதி ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்ததை இருந்தபடி ஓடவைக்கவே அத்தனை ஆண்டுகள் ஆயின. தங்கள் சொந்த நேரத்தைத் தந்த தன்னார்வலர்களும் இப்படி உழைத்தவர்களில் உண்டு என்பதை இந்த வரலாற்றை எழுதுவோர் விட்டுவிடக் கூடாது.

மற்ற மென்பொருள்களில் வேகம் கூடியது. ஜாங்கோ 2017 டிசம்பரிலும் நம்பை 2019 ஜூலையிலும் வெளியிட்ட பதிப்புகளில் பைத்தான் 2-ஐக் கைவிட்டன. பைத்தான் 2-இன் கடைசி வெளியீடான 2.7.18, 2020 ஏப்ரலில் வந்தது. மின்னூல் மேலாண்மைக்கான காலிபர் அதே ஆண்டு செப்டம்பரில் மாறியது. படத் திருத்த மென்பொருளான கிம்ப், 2025-இல் 3.0 பதிப்பு வந்தபோதுதான் தன் செருகுநிரல்களுக்குப் பைத்தான் 3-ஐ ஏற்றது. டூ-டு-த்ரீ கருவியும் 2024-இல் பைத்தான் 3.13-இலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் பைத்தானின் மாற்று இயக்கியான பைப்பை 2.7-ஐத் தொடர்ந்து ஆதரிக்கிறது. அதுவே பைத்தான் 2-இன் ஓர் உட்பிரிவில் எழுதப்பட்டது.