ஓடைப் பூச்சிகளும் கணிதமும்

ஆற்றின் சுத்தத்தை அதன் புழுபூச்சிகளைக் கொண்டே அளக்கலாம் என்று ஜெர்மனியின் கோல்க்விட்ஸும் மார்சனும் 1909-இல் விரித்துரைத்தனர். பிற்காலத்தில் பிரிட்டனில் வழங்கிய முறையோ, தூய நீரையே நாடும் கற்பூச்சிக்குப் பத்து மதிப்பெண்ணும் சேற்றுப் புழுவுக்கு ஒன்றும் அளித்தது. ஆயினும், மந்தகதியில் செல்லும் சமவெளி ஆற்றில் இயல்பாகவே இல்லாத கற்பூச்சியைத் தேடிக் காணாமல், அந்த ஆற்றை அசுத்தமானது என்று தீர்ப்பிடுவது நியாயமாகுமா?

இச்சங்கடத்தைத் தீர்க்கவே, 1977-இல் அந்நாட்டு நன்னீர் உயிரியல் சங்கத்தார், ஜான் ரைட் முதலானோர், மாசு குறைந்த ஓடைகளில் இறங்கி, மூன்று நிமிஷம் காலால் சரளைக் கற்களைக் கிளறி, கீழ்ப்புறம் பிடித்த வலையில் சிக்கிய ஜீவன்களைச் சேகரிக்கும் பணியைத் தொடங்கினர். 1979-இல் மார்க் ஹில் வெளியிட்ட ட்வின்ஸ்பான் முறையால் அவ்விடங்களை ஜீவவர்க்க ஒற்றுமைப்படி வகுத்து, உயரம், சரிவு, அடித்தளம் ஆகிய இயற்கை லட்சணங்களைக் கொண்டே ஓரிடத்தில் எவ்வெவ்வினம் இருத்தல் வேண்டும் என்று முன்கூட்டியே கணித்தனர். கண்டதை எதிர்பார்த்ததால் வகுக்க, விகிதம் ஒன்றை நெருங்குமாயின் ஆறு நலமே. ஒவ்வோர் ஆற்றையும் அதன் சொந்த இயல்போடு ஒப்பிடும் இவ்விகிதமே, என் அபிப்பிராயத்தில், இத்துறையின் தலைசிறந்த சாதனை. 1990-களில் ஆஸ்திரேலியரும் இதனைத் தம் நதிகளுக்கேற்பச் சீர்செய்து ஏற்றனர்.