சிதறால் மலையில் ஒரு குரத்தி

எங்கள் திருச்செந்தூரில் ஏறுவதற்கு மணல்மேட்டைத் தவிர என்ன இருக்கிறது? அதனால்தான் பரீட்சை முடிந்த மறுநாள் நாங்கள் மூன்று பேர் நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று பஸ் மாறி சிதறால் போனோம்.

மலை சின்னதுதான். கல் பாவிய பாதை, சுற்றிலும் ரப்பரும் தென்னையும். அடிவார டீக்கடையில் கேட்ட தமிழில் பாதி மலையாளம். 1956 நவம்பர் 1 வரை இந்த விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததாயிற்றே! ஆயிரம் வருடத்துக்கு முன்னும் இது எல்லைச் சீமைதான். பாண்டியருக்கும் சேரருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஆய் மன்னர்களின் நாடு.

உச்சியில் பாறை இடுக்கில் நுழைந்தால் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பாம்புப் படத்தின் கீழ் பார்சுவநாதர், சிங்கத்தோடும் குழந்தைகளோடும் அம்பிகா. இதன் பழைய பெயர் திருச்சாரணத்துமலை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. குணந்தாங்கி குரத்திகள் என்பவர் இம்மலைத் தெய்வத்துக்குப் பொன் அணிகள் கொடுத்ததை அது சொல்கிறது.

குரத்தி என்றதும் நண்பன் "வள்ளியா?" என்றான். எங்கள் ஊர்க்காரனுக்கு வேறென்ன தோன்றும்! இது சின்ன 'ர'. குரவர் என்றால் ஆசிரியர், குரத்தி என்றால் ஆசிரியை. சமணப் பெண் துறவி.

வணிகவியல் படிக்கிற புத்தி சும்மா இருக்குமா? துறவிக்கு ஏது பொன்? எங்கள் கோயிலுக்கு அதே 9ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் 1400 காசு வைத்தான். முதலை ஊர்ச்சபைகளிடம் கொடுத்துவிட்டு வட்டியில் கோயில் செலவு. அவன் ராஜா, அவனிடம் கஜானா இருந்தது. இந்த அம்மாளிடம்? மாணவரும் அடியாரும் நம்பிக் கொடுத்தது இவர் கை வழியாகப் போயிருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

இன்னொரு விஷயம்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. எங்கள் மாவட்டத்துக் கழுகுமலையிலும் "திருச்சாரணத்துக் குரத்திகள்" செய்வித்த சிற்பம் உண்டு. அது பாண்டிய நாடு, இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் பஸ்ஸிலேயே அலுத்துப்போன தூரம்!

13ஆம் நூற்றாண்டில் இந்த மலைக்கோயில் பகவதி கோயிலானது. சிற்பங்களை யாரும் உடைக்கவில்லை. இறங்கும்போது நண்பன் கேட்டான்: "அடுத்து கழுகுமலையா?" வருகிற ஞாயிறு போகிறோம்.