கெட் (ஆங்கில வினைச்சொல்)

கெட் என்பது ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைச்சொற்களுள் ஒன்று. பெறுதல், வாங்குதல், அடைதல், ஆகுதல், புரிந்துகொள்ளுதல் எனப் பல பொருள்களில் வரும். சில இடங்களில் தன் பொருளை இழந்து துணைவினையாகவும் நிற்கும். இதன் இறந்தகால வடிவம் காட்.

தோற்றம்

இச்சொல் பழைய நார்ஸ் மொழியின் 'கெட்டா' என்ற வினையிலிருந்து வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழி அது. டேக், ஸ்கை, எக், தே முதலிய சொற்களும் அதே வழியில் ஆங்கிலத்துக்கு வந்தவை. பழைய ஆங்கிலத்தில் இதே வேர் முன்னொட்டுகளோடு சேர்ந்தே வழங்கியது. ஃபர்கெட் (மற), பெகெட் (குழந்தைக்குத் தந்தையாகு) ஆகியவை அந்த வரிசையின் எச்சங்கள். பழைய ஆங்கிலத்தில் அந்த வேரின் முதல் ஒலி யகரமாக இருந்தது. இன்று ககரமாக ஒலிப்பது நார்ஸ் மொழியின் செல்வாக்கு.

இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் இதன் வேர்ப்பொருள் 'பற்றுதல்'. லத்தீன் மொழியில் அதே வேரிலிருந்து கிளைத்த வினையே ஆங்கிலத்தின் ப்ரிசன் (சிறை), காம்ப்ரிஹெண்ட் (புரிந்துகொள்) ஆகிய சொற்களுக்கு மூலம்.

வடிவங்கள்

'ஹேவ்' என்பதோடு சேர்த்து முடிந்த செயலைச் சொல்லும்போது பிரிட்டனில் 'காட்' என்றும் அமெரிக்காவில் பெரும்பாலும் 'காட்டன்' என்றும் வழங்குவர். காட்டன் அமெரிக்கர்கள் புதிதாக ஆக்கியது அன்று. பிரிட்டனில் வழக்கொழிந்துபோன பழைய வடிவமே அங்கே நிலைத்தது. அமெரிக்க வழக்கில் இரண்டுக்கும் பொருள் வேறுபாடும் உண்டு: 'ஐ ஹேவ் காட்' என்றால் என்னிடம் இருக்கிறது, 'ஐ ஹேவ் காட்டன்' என்றால் எனக்குக் கிடைத்திருக்கிறது.

பொருள்களும் பயன்களும்

ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குச் செல்லுதல் என்ற கருத்து இச்சொல்லின் பெரும்பாலான பயன்களை இணைக்கிறது.

உடைமை மாறுதல்: 'காட் எ லெட்டர்' – கடிதம் கிடைத்தது.

இடம் மாறுதல்: 'காட் ஹோம்' – வீடு வந்து சேர்ந்தார்.

தன்மை மாறுதல்: 'கெட்டிங் டார்க்' – இருட்டிக்கொண்டு வருகிறது.

அறிவு மாறுதல்: 'ஐ கெட் இட்' – புரிகிறது.

பிறரைச் செய்யவைத்தல்: 'காட் ஹிம் டு கம்' – எப்படியோ அவரை வரச் செய்தார். இங்கே வற்புறுத்தல் அல்லது முயற்சியின் சாயல் உண்டு.

'ஹேவ் காட் டு' என்பது கட்டாயத்தைக் குறிக்கும். பேச்சில் அது 'காட்டா' என்று தேய்ந்து ஒலிக்கும். அப், ஓவர், அவே, பை போன்ற சிறுசொற்களுடன் சேரும்போது முறையே எழுதல், மீளுதல், தப்புதல், சமாளித்தல் எனப் பொருள் விரியும்.

செயப்பாட்டுவினை

'வாஸ் ஹர்ட்' என்னும் இடத்தில் பேச்சில் 'காட் ஹர்ட்' என்றும் சொல்வர். முதலாவது காயப்பட்டிருந்த நிலையையும் குறிக்கலாம். இரண்டாவது காயப்பட்ட நிகழ்வை மட்டுமே குறிக்கும். இத்தொடர் பெரும்பாலும் விபத்து, தண்டனை, இழப்பு போன்ற பாதிப்புகளைச் சொல்ல வருகிறது. எனினும் பதவி உயர்வு போன்ற நன்மைகளுக்கும் பொருந்தும்.

தமிழுடன் ஒப்பீடு

தமிழில் 'பெறு' என்ற வினையும் ஏறத்தாழ இதே தடத்தில் விரிந்திருக்கிறது. பரிசு பெறுதல், பிள்ளை பெறுதல் இரண்டையும் அது குறிக்கும். ஆங்கிலத்திலும் கெட் என்பதற்கு மகப்பேறு சார்ந்த பழைய பொருள் உண்டு. விலங்கின் குட்டியைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக அது இன்னும் வழங்குகிறது. 'எழுதப்பெற்றது' என்பதில் 'பெறு' செயப்பாட்டுவினைக்குத் துணையாகிறது. ஆனால் அது மதிப்பான எழுத்துநடைக்கு உரியது. ஆங்கில வடிவமோ பேச்சுக்கு உரியது.

பெறுபவரை ஆங்கிலம் எழுவாயாக நிறுத்துகிறது. தமிழ் பெரும்பாலும் 'எனக்குக் கிடைத்தது' என்று நான்காம் வேற்றுமையில் நிறுத்துகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளும் தமிழ் மாணவருக்கு இச்சொல் எளிதில் வசமாகும். பொருள்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, என்ன மாறுகிறது என்று கேட்டுப் பார்ப்பதே சிறந்த வழி.

நடையும் பிற பயன்களும்

சட்ட ஆவணங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அப்டெய்ன், ரிசீவ், பிகம் போன்ற சொற்களையே விரும்புவர். நட்பான கடிதத்திலும் உரையாடலிலும் அவற்றை வலிந்து புகுத்தினால் பேச்சு விறைத்துப்போகும்; அங்கே கெட் என்பதே இயல்பு.

கணினி வலையமைப்பில், ஒரு பக்கத்தைத் தரும்படி உலாவி சேவையகத்தைக் கேட்கும் கட்டளைக்கும் இதுவே பெயர். 1991-இல் செர்ன் ஆய்வகத்தின் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முதல் ஹெச்.டி.டி.பி. வடிவத்தில் இருந்த ஒரே கட்டளை இதுதான்.